கடுமை வேறு, வசை வேறு

அரசியல் எதிரிக்கு மரியாதை தருவது மேட்டுக்குடியின் ஆடம்பரம், அடிபட்டவன் வசையில்தான் பேசுவான் என்ற வாதத்துக்குத் தஞ்சையையே சான்றாக்குகிறார்கள். பண்ணையாட்கள் சவுக்கடியும், சாணியைக் கரைத்துக் குடிக்கவைக்கும் சாணிப்பால் தண்டனையும் பெற்ற மண் இது; அதை மறுக்க முடியாது. ஆனால் அந்தக் கொடுமையை முறித்தது வசையா? கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் போன்றோர் ஊர் ஊராகக் கட்டிய விவசாயிகள் சங்கம் அல்லவா முறித்தது? 1952இல் முதலமைச்சர் ராஜாஜி, கம்யூனிஸ்டுகளே தம் முதல் எதிரி என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். அதைவிடக் கடுமையாகப் பேசிவிட முடியாது. அதே ஆண்டில்தான் அவருடைய அரசு, தஞ்சைக் குத்தகைதாரரையும் பண்ணையாட்களையும் பாதுகாக்கச் சட்டம் கொண்டுவந்தது. எதிரியின் கட்சியை வெறுத்தவர், அது முன்வைத்த கோரிக்கைக்குக் காதை மூடிக்கொள்ளவில்லை. எதிராளிக்குத் தரும் மரியாதை என்று நான் சொல்வது இதைத்தான்.

சட்டம் வந்த பிறகும் 1968இல் அதே தஞ்சையின் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரிக்கப்பட்டார்களே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்தக் கொலைக்கு எதிரான சினத்தை எவரும் அடக்கச் சொல்லக் கூடாது. ஆனால் இன்றைய மேடை வசை, கொடுமை செய்தவனைக் குறிவைப்பதில்லை. எதிராளியின் தாயை, மனைவியை, சாதியை, உடலைக் குறிவைக்கிறது. அதனால் எந்தக் கூலியும் உயர்ந்ததில்லை. 2024இல், டெல்டா பாசனத்துக்கு வழக்கமாகத் திறக்கும் நாளான ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறக்கப்படவில்லை. அப்போது குறுவை விவசாயி கேட்டது தண்ணீருக்கு விடை. அந்த விடையைச் சொல்ல வேண்டியவர்கள் தப்பித்துக்கொள்ள வசதியான மறைப்பாகவே வசை பயன்படுகிறது.