கல்லும் முகூர்த்தமும்

என் பித்தப்பையில் ஒரு கல் இருக்கிறது. 14 மில்லிமீட்டர் என்று ஸ்கேன் சொல்கிறது. ஆறு வருஷங்களுக்கு முன், தலை முதல் கால் வரை சோதித்துப் பார்க்கும் ஒரு 'ஹெல்த் செக்கப்'பில் மாட்டிக்கொண்டேன். அன்றுதான் எங்கள் இருவருக்கும் அறிமுகம். அன்று முதல் இன்று வரை அது என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானும் அதைத் தொந்தரவு செய்யவில்லை.

என் வீட்டாரும் நண்பர்களுந்தான் சும்மா இருக்கமாட்டேன் என்கிறார்கள். "உங்கள் அக்கா பட்ட பாட்டைப் பார்த்துமா உங்களுக்குப் புத்தி வரவில்லை? உடனே எடுத்துத் தொலையுங்கள்!" பார்வைக்கு நியாயமான பேச்சுதான். ஆனால் அதில் நியாயம் இல்லை என்று வாதாடப் போகிறேன். அதற்கு முன் அக்கா பட்ட பாட்டைச் சொல்லியாக வேண்டும். அதில் என் பங்கும் உண்டு.

மூன்று வருஷங்களுக்கு முன், கும்பகோணத்தில், தீபாவளிக்கு மறுநாள் ராத்திரி. வலது விலாவுக்குக் கீழே பிடித்த வலி தோள்பட்டைக்கு ஏறியது, விடியும்வரை விடவில்லை. வாயு என்று ஓமத்திரவம் கொடுத்தார்கள். வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார்கள். அதே வலி அந்த வருஷத்திலேயே மூன்று முறை வந்து போயிருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. அக்கா யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மறுநாள் யார் சமைப்பது?

காலையில் ஜுரம் வந்த பிறகு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சர்ஜன் ஓர் இளம்பெண். "பித்தப்பை நிறையக் கல். பை வீங்கி அழற்சி கண்டிருக்கிறது. இந்தச் சேர்க்கையிலேயே எடுத்துவிடுவது நல்லது" என்றார்.

உடனே தாழ்வாரத்தில் குடும்ப மகாசபை கூடியது. தை மாதம் அக்கா மகளுக்குக் கல்யாணம். பத்திரிகை அச்சில் இருக்கிறது. சீர்ப் பட்சணம் முழுக்க அக்கா கைப்பக்குவம். "கல்யாணம் ஆகட்டும், மாசியில் பார்த்துக்கொள்ளலாம்" என்றார் அத்தான். ஒரு பெரியவர் வாழைத்தண்டுச் சாற்றைச் சிபாரிசு செய்தார். சிறுநீரகக் கல்லுக்குச் சொல்கிற வைத்தியம் அது. பித்தப்பைக்கும் சிறுநீருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. இன்னொருவர், "வீக்கம் ஆறின பிறகுதான் கத்தி வைக்க வேண்டும்" என்றார். இதையாவது முழு அறியாமை என்று தள்ள முடியாது. ஒரு காலத்தில் டாக்டர்களே அப்படித்தான் நினைத்தார்கள். ஆறு வாரம் ஆறப் போட்டார்கள். 2013-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி, ஜெர்மனியிலும் ஸ்லோவேனியாவிலும் 600 பேருக்கு மேல் வைத்துப் பார்த்தது. ஆஸ்பத்திரியில் சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் ஆனவர்களில் 100-க்குச் சுமார் 12 பேருக்குச் சிக்கல். ஒரு வாரத்திலிருந்து ஆறு வாரம்வரை தள்ளிப் போட்டவர்களில் 34 பேருக்கு.

சரி, நான் என்ன சொன்னேன்? எழுத்தாளன், நாலும் படித்தவன் என்று எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். என் வயிற்றில் என் கல் சாதுவாகக் கிடந்தது. அந்தத் தைரியத்தில், "எனக்குந்தான் கல் இருக்கிறது டாக்டர். மூன்று மாதந்தானே!" என்றேன்.

அந்தப் பெண் என்னோடு வாதாடவில்லை. உள்ளே போய் அக்காவிடம், "நீங்கள் என்னம்மா சொல்கிறீர்கள்?" என்று கேட்டார். அதுவரை எங்களில் ஒருவருக்கும் அந்தக் கேள்வி தோன்றவில்லை. அக்கா எங்கள் முகங்களை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். "கல்யாணம் ஆகட்டும்மா" என்றாள். அதை அவளுடைய சம்மதம் என்று எழுதி வாங்கிக்கொண்டு வீடு திரும்பினோம்.

கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கையில் ஒரு சிறு கல் பையைவிட்டு நழுவிப் பித்தக் குழாயின் வாயில் போய் அடைத்தது. கணையத்தின் நீர் இறங்குவதும் அதே வாயில் வழியாகத்தான். வழி அடைபட்டுக் கணையம் புண்ணாயிற்று. 19 நாள் ஆஸ்பத்திரி. எந்தக் கல்யாணத்துக்காக வலியைப் பொறுத்துக்கொண்டாளோ, அந்தக் கல்யாணத்தில் மகள் கழுத்தில் தாலி ஏறுவதைக் கையில் குளுக்கோஸ் ஊசியோடு செல்போனில் பார்த்தாள். கெட்டிமேளம் விட்டு விட்டுக் கேட்டது. கணையம் தேறியதும், வீட்டுக்கு அனுப்பாமலே பித்தப்பையை எடுத்தார் அந்த சர்ஜன். ஒரு மாதம் போகட்டும் என்று வீட்டுக்கு அனுப்பினால் மறுபடியும் திரும்பி வருகிறவர்கள் அதிகம் என்று 2015-ல் நெதர்லாந்து டாக்டர்கள் காட்டியிருக்கிறார்கள். அன்று பஞ்சாங்கத்தை ஒருவரும் தேடவில்லை.

இதை விதி என்கிறார் அத்தான். நான் அப்படிச் சொல்லத் தயாரில்லை. அத்தானுக்குக் குடலிறக்கம் வந்தபோது அது ஆடி மாதம். ஆடி என்று யாராவது வாயைத் திறந்தோமா? நாலாம் நாள் ஆபரேஷன் முடிந்தது. நம் குடும்பங்களில் சம்பாதிக்கிற ஆணின் வலிக்கு உடனே தேதி கிடைக்கிறது. சமைக்கிற பெண்ணின் வலி மாத்திரம் முறுக்குக்கும் அதிரசத்துக்கும் பின்னால் வரிசையில் நிற்கிறது. நாவலாசிரியர்களாகிய நாங்களும் இதற்கு உடந்தைதான். கதாநாயகிக்கு க்ஷயரோகம் கொடுத்திருக்கிறோம், புற்றுநோய் கொடுத்திருக்கிறோம். பித்தப்பைக் கல்லைக் கொடுத்தவர் யாரும் என் நினைவுக்கு வரவில்லை. சாப்பிட்டதும் வந்து விடிந்ததும் போகிற வலியில் காவியம் இல்லை போலும்.

இப்போது என் கல்லுக்கு வருகிறேன். அன்று சும்மா கிடந்த என் கல்லை வைத்து, கத்திக்கொண்டிருந்த அக்காவின் கல்லை எடைபோட்டேன். இன்று நண்பர்கள் அக்காவின் கல்லை வைத்து என் கல்லை எடைபோடுகிறார்கள். தப்பு ஒன்றேதான், திசைதான் வேறு. அமெரிக்காவில் மிச்சிகன் சர்வகலாசாலையில், வலியே இல்லாமல் கல் மட்டும் இருந்த 123 பேரை வருஷக்கணக்கில் கவனித்து 1982-ல் எழுதினார்கள். 15 வருஷத்தில் வலி கண்டவர்கள் 100-க்கு 18 பேர். அபாயம் வருவதானாலும் பெரும்பாலும் வலி முன்னால் வந்து சொல்லிவிட்டுத்தான் வருகிறது. விதிவிலக்கு உண்டு: 3 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கல், சுவரில் சுண்ணாம்பு ஏறிய பை, பெரிய சதை வளர்ச்சி ஆகியவற்றை விட்டுவைப்பது உசிதம் இல்லை. என்னிடம் இவை எதுவும் இல்லை என்று ஸ்கேனே சொல்கிறது.

ஆனால் செக்கப் செய்த இடத்திலிருந்து இரண்டு மாதம் விடாமல் போன் வந்தது. "எப்ப வேணாலும் வெடிச்சிடும் சார். இந்த மாசம் சலுகை விலை இருக்கு." ஆடித் தள்ளுபடிக்கு வேட்டி வாங்கலாம், வயிற்றைக் கிழித்துக்கொள்ளலாமா? நாலு துளையில் முடிகிற சின்ன ஆபரேஷன் என்கிறார்கள். வாஸ்தவம். கை தவறிப் பித்தக் குழாயில் காயம் பட்டுவிடுவது அபூர்வம். பட்டுவிட்டால் அது சின்ன விஷயம் அல்ல. வலியில் துடிப்பவள் அந்த அபாயத்தை ஏற்பதற்கு அர்த்தம் உண்டு. எனக்கு என்ன தலையெழுத்து?

1882-ல் பெர்லினில் லாங்கன்புக் என்ற ரண வைத்தியர் முதல் முதலாக ஒரு மனிதனின் பித்தப்பையையே எடுத்தார். நோயாளிக்கு வயது 43. 16 வருஷ வலி. மறுநாள் அவர் சுருட்டுப் பிடித்தாராம். அந்த மனிதரைக் கத்திக்குக் கீழே படுக்க வைத்தது ஸ்கேனும் அல்ல, சலுகை விலையும் அல்ல; வலி.

வலி வந்தவர்கள் எல்லோரும் அன்றே ஓட வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. ஜுரமோ காமாலையோ இல்லாமல், எப்போதாவது வந்து தணியும் வலிக்காரர்கள் 434 பேரைப் பிரிட்டனில் இரு பிரிவாக வைத்து 18 மாதம் பார்த்தார்கள். ஆபரேஷனுக்கு என்று குறித்த பிரிவுக்கும் பொறுத்துப் பார்க்கச் சொன்ன பிரிவுக்கும் வலியில் பெரிய வித்தியாசம் இல்லை என்று 2023-ல் வெளியிட்டார்கள். அப்படிப்பட்டவர்கள் டாக்டரோடு உட்கார்ந்து யோசிக்கலாம். ஆனால் யோசிக்க வேண்டியது வலிக்கிறவர். தாழ்வாரத்தில் நிற்கிறவர்கள் அல்ல.

போன மாதம் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். என் மனைவி சொல்லிக்கொடுத்து அனுப்பியிருப்பாள் போலிருக்கிறது. கையில் காப்பித் தம்ளரோடு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"உனக்கு வலி வந்துச்சா, தம்பி?"

"இல்லை அக்கா."

"வந்தா?"

"உனக்குத்தான் முதலில் சொல்லுவேன்."

"எனக்குச் சொல்லாதே. ஆஸ்பத்திரியிலே படுத்துக்கிட்டு அப்புறம் சொல்லு" என்று சொல்லிவிட்டு, அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்து போனாள்.