அறுத்த விண்கல்

வானினின்று வீழ்ந்த கல்லை வாளால் அறுத்து வில்லைகளாக்குதல் தகுமோ எனச் சிலர் வினவுகின்றனர். கிடைத்தற்கரிய பொருளை முழுமையாகவே காத்தல் வேண்டுமென்பது அன்னார் துணிபு. அவர்தம் ஆர்வம் போற்றற்குரியதே. ஆயினும் யாம் அதற்கு உடன்படோம்.

விண்கல்லின் புறத்தோற்றம் அதன் முழு வரலாற்றையும் கூறவல்லதன்று. காற்று மண்டிலத்தை ஊடுருவி வருங்கால் அதன் மேற்பரப்பு உருகிக் கருந்தோடாகப் படிகின்றது. அத்தோடு உரைப்பது சில கணங்களின் செய்தியே. உள்ளுறைவதோ பலகோடி ஆண்டுகளின் செய்தி.

1751-ஆம் ஆண்டில் குரோவேஷியாவிலுள்ள ஹ்ராஷினாவில் இரும்பு விண்கல்லொன்று வீழ்ந்தது. 1808-இல் வியன்னா நகரத்து விட்மான்ஸ்டேட்டன் என்பார் அதன் வில்லையொன்றைத் தீயிற் காய்ச்சினார். ஒன்றையொன்று குறுக்கிட்டுச் செல்லும் பட்டைகள், பாய் முடைந்தாற்போல, நிறம் வேறுபட்டுத் தோன்றின. அவருக்கு முன்னரே, 1804-இல், நேப்பிள்ஸ் நகரிலிருந்த தாம்ஸன் என்பார் வேறொரு விண்கல்லில் நைட்ரிக் திராவகத்தால் இத்தகைய கோலத்தைக் கண்டு வெளியிட்டிருந்தார். நிக்கல் குறைந்த இரும்பும் மிகுந்த இரும்பும் வெவ்வேறாகப் பிரிந்தமையால் உண்டாயது இக்கோலம். பல நூறாயிரம் ஆண்டுகள் மெல்ல மெல்லக் குளிர்ந்தாலன்றி அஃது இவ்வாறு வளராது. எக்கொல்லனும் தன் உலையில் இதனைப் படைத்தல் இயலாது. ஒரு காலத்தில் இவ்விரும்பு சிறு கோளொன்றின் உள்ளே புதைந்திருந்ததென்பதற்கு இப்பட்டைகளே சான்று.

கல் வகையும் இத்தகைத்தே. 1969-இல் மெக்ஸிகோ நாட்டு அயெந்தேயில் வீழ்ந்த கல்லின் வில்லையில் கடுகனைய உருண்டைகளும் வெண்ணிறத் திட்டுக்களும் விரவிக் கிடக்கின்றன. அவ்வெண்டிட்டுக்களின் வயது 456 கோடி ஆண்டுகட்கு மேற்பட்டது. நம் பூமியினும் அவை மூத்தவை. அறுக்காதிருந்தால் இதனை எவரே கண்டிருப்பர்?

நிற்க. அறுப்பார்க்குக் கடமையும் உண்டு. வாள் செல்லும் வழியெல்லாம் கல் பொடியாகி வீணாகின்றது. ஆகவே தேவைக்குமேல் அறுத்தல் தகாது. பெரும்பகுதியை வருங்காலத்தார்க்கென விட்டுவைத்தல் வேண்டும். ஒவ்வொரு வில்லையும் தன் பெயர், கிடைத்த இடம், நாள், எடை ஆகியவற்றைத் தாங்கிய சீட்டுடன் இருத்தல் வேண்டும். கோடைக்கானலில் 1898-இல் கண்டெடுக்கப்பெற்ற இரும்பின் வில்லை எந்நாட்டிலிருப்பினும், இரும்பினூடே பொதிந்த அதன் கண்ணாடிமணிகளை ஆராய்வோர் அது நம் பழனிமலையினது என அறிவது இத்தகைய குறிப்பினாலன்றோ? பளபளப்பு ஒன்றையே கருதி, சீட்டை எறிந்துவிட்டு விற்பாரும் வாங்குவாரும் கல்வியின் பகைவரே என்போம்.

மாணவ நண்பர்களே! பொருட்காட்சிச் சாலையில் இத்தகைய வில்லையைக் காணின், அதன் அழகை வியந்தவுடன் அகலாதீர்கள். சீட்டையும் படித்து, பட்டைகளையும் உருண்டைகளையும் நின்று நோக்குவீர்களாக.