கடலுக்கும் நேரம் உண்டு!

சகோதரிகளே, 2023 ஆகஸ்டில் அமெரிக்காவில் சியாட்டிலில் இருக்கும் என் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். ஒருநாள் ஒலிம்பிக் தேசியப் பூங்காவுக்கு அழைத்துப் போனாள். பூங்கா என்றதும் ஊஞ்சல், சறுக்குமரம் என்று நினைத்துவிடாதீர்கள்! ஒரு பக்கம் பசிபிக் கடற்கரை. உள்ளே, வருஷத்துக்கு 12 அடி மழை கொட்டும் ஹோ காடு. அதற்கும் மேலே, கோடையிலும் பனி உருகாத ஒலிம்பஸ் மலை. உயரம் 2,432 மீட்டர். 1938-ல் தேசியப் பூங்காவானதாம்; கடற்கரையை 1953-ல் சேர்த்தார்களாம்.

ரியால்டோ கடற்கரையில் நடந்தோம். தூரத்தில், அலை குடைந்த பாறை வாசல் ஒன்று தெரிந்தது.

"அதுக்கு அந்தப் பக்கம் போய்ப் பார்த்துட்டு வந்துடலாமே" என்றேன்.

மகள் கையிலிருந்த அட்டவணையைப் பார்த்தாள். "வேண்டாம்மா, கடல் ஏறுற நேரம். வந்த வழி அடைபட்டுடும்."

எனக்குச் சுருக்கென்று கோபம். இவ்வளவு தூரம் வந்தது எதற்காம்? பேரன் வேறு, "போலாம் பாட்டி!" என்று கையைப் பிடித்து இழுத்தான். மகள் அசையவில்லை.

ஒரு மணி நேரத்தில், நாங்கள் நடந்த இடமெல்லாம் தண்ணீர்! கரையில் கிடந்த பெரிய மரத்தை அலை புரட்டிக்கொண்டிருந்தது. சற்று முன் பேரன் ஏறிக் குதித்த மரம் அது! அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

இளம் தாய்மார்களே, எந்தக் கடற்கரைக்குப் போனாலும் கடல் ஏறும் நேரத்தை விசாரித்துக்கொள்ளுங்கள். ஒதுங்கிய மரங்களில் குழந்தைகளை ஏறவிடாதீர்கள். பெரியவர்களே ஆசைப்பட்டாலும், "வேண்டாம்" என்று சொல்லத் தயங்காதீர்கள். என் மகள் தயங்கவில்லை!