தாய் குடித்தால் பிள்ளை யாருக்கு?

சிலிபின் என்றதும் பேராக் தோட்டப்புற மக்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது லூர்து மாதா கோயில்தான். வேதக்காரர்கள் மட்டும் போகிற இடம் அல்ல அது. மாரியம்மனைக் கும்பிடுகிற கைகளும் அங்கே மெழுகுவர்த்தி ஏற்றும். அந்த மெழுகுவர்த்திகளுக்குப் பின்னால் இருக்கும் வேண்டுதல்களைக் கணக்கெடுத்தால், ‘என் புருஷன் குடியை விடணும் தாயே’ என்பதுதான் முன்னால் நிற்கும் என்று அடித்துச் சொல்லுவோம். கல்லுமலை முருகனைக் கேட்டாலும் இதே கதைதான்.

குடிக்கிற புருஷனுக்காகக் கும்பிட மனைவி இருக்கிறாள். குடிக்கிற மகனுக்காக அழப் பெற்றவள் இருக்கிறாள். குடிப்பவளே தாயாக இருந்தால்? அவளுக்காக மெழுகுவர்த்தி ஏற்றுவது யார்?

‘நம்ம பொம்பளைங்கள இப்படிப் பேப்பர்ல எழுதலாமா?’ என்று சிலர் கோபப்படுவார்கள். எழுதாமல் மூடி வைத்ததால்தான் இத்தனை வீடுகள் கெட்டன என்பது நம் கருத்து.

பெண் குடிப்பது நேற்று வந்த வழக்கமா? இல்லை. பால் நிறுத்தி முடித்து, களைத்துப்போய்க் கள்ளுக்கடைப் பக்கம் ஒதுங்கியவர்களில் பெண்களும் உண்டு. பிள்ளை பெற்ற உடம்புக்குச் சூடு வேண்டும் என்று மாமியாரே பிராந்தியை ஊற்றிக் கொடுத்த வீடுகள் உண்டு. கள்ளுக்கடையைத் தோட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்து வைத்தது வெள்ளைக்காரன் காலத்து நிர்வாகம். சம்பளத்தைக் கொடுத்த இடத்திலேயே அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் வழி செய்துவைத்தார்கள்!

நம்மவர்கள் சும்மா இருந்துவிடவில்லை. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் தலைமையில் நடந்த போராட்டத்தின் கோரிக்கைகளில் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் ஒன்று. 1947-இல் கெடா மாநிலம் பீடோங் பக்கத்தில், ஹார்வர்ட் தோட்டத்து ஏ. எம். சாமியின் தொண்டர் படை கள்ளுக்கடை மறியல் செய்தது. அதில் தோட்டத்துப் பெண்களும் சேர்ந்து நின்றார்கள். போலீஸ் வந்தது, அடிதடி நடந்தது, தொழிலாளர் பலர் சிறைக்குப் போனார்கள். கடையை மூடச் சொல்லிப் போராடிய அந்த வீரத்தை நாம் மறக்கவில்லை. ஆனால் கடை மூடினாலும் குடிக்காமல் இருக்க முடியாத நிலைக்கு வந்துவிட்ட பெண்ணை என்ன செய்வது என்று அன்றும் யாரும் கேட்கவில்லை, இன்றும் கேட்பாரில்லை.

இன்று ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனையாகிவிட்டன. பல, வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. மக்கள் சிலிபினுக்கும் புந்தோங்குக்கும் மெங்களம்புக்கும் வந்து ஃபேக்டரி வேலை, துப்புரவு வேலை என்று பிழைக்கிறார்கள். கள் போய்ச் சின்னப் போத்தல் சம்சு வந்தது. இப்போது இளந்தாய்மார் சிலரிடம் சியாபும் வந்திருக்கிறது. ராத்திரி ஷிஃப்டுக்குத் தூக்கம் வராமல் இருக்க என்று தொடங்குகிறது. பிறகு அது இல்லாமல் எழுந்திருக்க முடிவதில்லை. மலிவுச் சாராயத்தில் என்ன கலந்திருக்கிறது என்று குடிப்பவருக்கே தெரியாது. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டதைப் படித்திருப்பீர்கள்.

ஆண் குடித்தால் ‘குடிக்கிறான், ஆனா நல்ல மனுஷன்’ என்று சொல்ல நாலு பேர் இருப்பார்கள். பெண் குடித்தால் அவள் நடத்தையையே பேசுவார்கள். மாலை போட்டு நாற்பத்தெட்டு நாள் விரதம் இருந்து குடியை விட்ட ஆண்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். மாலை கழற்றிய அன்றே மறுபடி தொடங்கியவர்களையும் பார்த்திருக்கிறோம், அது வேறு விஷயம். சபரிமலை விரதமோ இளந்தாய்க்குக் கிடையாது. மற்ற விரதம் எது எடுத்தாலும் ‘இவ எதுக்கு இருக்கா?’ என்று லயமே கேட்கும். ஆணுக்குக் கௌரவமாக வெளியே வர ஒரு வாசல் இருக்கிறது. பெண்ணுக்கு அந்த வாசல் இல்லை.

இதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. அதுதான் பிள்ளை. ‘ஆஸ்பத்திரிக்குப் போய்க் குடிக்கிறேன்னு சொன்னா வெல்பேர்காரங்க வந்து பிள்ளைய எடுத்துக்கிட்டுப் போயிடுவாங்க.’ இந்தப் பயம் ஒன்றே போதும், ஒரு தாய் தன் நோயை வருடக்கணக்கில் மறைத்து வைக்க. அப்படி மறைக்கிறபோது நோய் முற்றுகிறது. கடைசியில் அவள் எதற்குப் பயந்தாளோ அதுவே நடக்கிறது.

ஆகவே சட்டம் என்ன சொல்கிறது என்று நம் தாய்மார் தெரிந்துகொள்வது அவசியம். 2001-ஆம் ஆண்டு சிறார் சட்டத்தின்படி, கவனிப்பாரற்ற பிள்ளையைச் சமூக நல இலாகாவின் பாதுகாவல் அதிகாரியோ போலீசோ தற்காலிகமாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் 24 மணி நேரத்துக்குள் சிறார் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக வேண்டும். பிள்ளையைப் பாட்டியிடமோ சித்தியிடமோ தகுந்த வேறொருவரிடமோ ஒப்படைக்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. இல்லத்தில் சேர்த்தால், உத்தரவு மூன்று ஆண்டுக்கு அல்லது பிள்ளைக்குப் பதினெட்டு வயது ஆகும்வரை, இரண்டில் எது முந்துகிறதோ அதுவரைதான். நிலைமை மாறிவிட்டது என்று காட்டி, அந்த உத்தரவை மாற்றவோ நீக்கவோ கேட்டுப் பெற்றோரே விண்ணப்பம் செய்யலாம். இதை எத்தனை பேர் நம் மக்களிடம் சொல்லியிருக்கிறார்கள்? பிள்ளையைக் கொண்டு போனால் போனதுதான் என்று நினைத்து, இன்னும் அதிகமாகக் குடித்து அழிந்த தாய்மாரை நினைத்தால் நமக்கு வயிறு எரிகிறது.

நிலைமை மாறிவிட்டது என்று யார் சாட்சி சொல்வார்கள்? இங்கேதான் கோயிலும் தேவாலயமும் வேண்டியிருக்கின்றன.

உலகத்தில் குடியை விட்டவர்களின் பெரிய கூட்டம் ஒன்று 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடிகாரர் இரண்டு பேர் சந்தித்துப் பேசியதில் பிறந்தது. பெயர் போடாத குடிநோயாளர் கூட்டம் அது. அதன் வேர் ஒரு கிறிஸ்தவ இயக்கத்தில் இருந்தது. பிறகு எந்த மதத்தவரும் தங்கள் சாமியை நினைத்துக்கொண்டு வரலாம் என்று வாசலைத் திறந்துவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், அங்கேயும் முதலில் பெண்களைச் சேர்க்கத் தயங்கினார்கள். 1939-இல் மார்ட்டி மான் என்ற பெண்மணி உள்ளே வந்து, விடாமல் நின்று, குடி ஒரு நோய் என்று ஊர் ஊராகப் போய்ப் பேசினார். வெட்கப்பட வேண்டியது நம் தோட்டத்துப் பெண்கள் மட்டும்தானா, சொல்லுங்கள்!

பக்தி என்ன செய்கிறது? மாலையில் கை நடுங்கத் தொடங்கும் நேரத்தில் போக ஓர் இடம் தருகிறது. ‘வா’ என்று கூப்பிட ஆள் தருகிறது. செய்த பாவத்தைச் சொல்லி அழுதாலும் துரத்தாத ஒரு சபை தருகிறது. இதெல்லாம் சின்ன விஷயம் அல்ல. ஆனால் பக்தி செய்யாததும் ஒன்று உண்டு.

பல வருடம் தினமும் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் சும்மா இருக்காது. முதல் நாளே நடுக்கமும் வியர்வையும் வரும். சிலருக்கு இரண்டு நாளுக்குள் வலிப்பு வரும். இரண்டாம் மூன்றாம் நாளில் சுவரில் இல்லாத பூச்சி ஊரும், செத்துப்போன மாமியார் கூப்பிடுவார். இதைப் பார்த்துவிட்டு ‘பேய் புடிச்சிருக்கு’ என்று வேப்பிலை அடிப்பதும், ‘பிசாசு ஓடுது’ என்று தலையில் கை வைத்துக் கூட்டமாய்ச் ஜெபிப்பதும் நடக்கிறது. இது பேயும் அல்ல, பிசாசும் அல்ல. சாராயம் நின்றதால் வரும் ஆபத்தான நோய், உயிரும் போகலாம். ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குத்தான் முதலில் போக வேண்டும். மயக்க மருந்தும் வைட்டமின் ஊசியும் கொடுத்துச் சில நாளில் தேற்றுவார்கள். ஜெபத்தை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். கூடவே வைத்துக்கொண்டாலும் சாமி கோபிக்காது.

‘தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிடுவாங்க’ என்ற பேச்சும் உண்டு. 1911-இல் தொடங்கிய அந்த ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லித்தான் நம் பாட்டிமார் பிள்ளைகளை மிரட்டினார்கள். அது மனநோய்க்கும் போதைக்கும் வைத்தியம் பார்க்கிற ஆஸ்பத்திரி. அங்கே போவது காய்ச்சலுக்கு டாக்டரிடம் போவது மாதிரிதான்.

மருந்தும் தொழுகையும் சேர்ந்து நடக்க முடியுமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு நம் நாட்டிலேயே பதில் இருக்கிறது. மலாயாப் பல்கலைக்கழகத்துக்கு அருகில் உள்ள அர்-ரஹ்மான் பள்ளிவாசலில், 2010-இல், ஹெராயின் பழக்கத்தில் விழுந்தவர்களுக்கு மெத்தடோன் மருந்து கொடுக்கத் தொடங்கினார்கள். பல்கலைக்கழக டாக்டர்கள் மருந்துக்குப் பொறுப்பு. பள்ளிவாசல் மனசுக்குப் பொறுப்பு. ஒரு பள்ளிவாசலில் நடந்தது ஒரு மாரியம்மன் கோயில் மண்டபத்திலும், ஒரு மாதா கோயில் மண்டபத்திலும் நடக்கக் கூடாதா?

பெண்களுக்கான அரசாங்கப் போதை மறுவாழ்வு நிலையம் கிளந்தான் மாநிலத்துப் பாச்சோக்கில் இருந்து வருகிறது. ஈப்போவிலிருந்து மலை தாண்டிப் போக வேண்டும். இங்கே பாட்டியிடம் இருக்கிற ஐந்து வயதுப் பிள்ளை எப்படிப் போய் அம்மாவைப் பார்க்கும்? பஸ் காசு யார் தருவார்? பிள்ளைகளுக்கு மட்டும் என்றால் இல்லங்கள் உண்டு. 1865-இல் லண்டன் ஏழைக் குடிகாரர்களிடையே தொடங்கிய சால்வேஷன் ஆர்மி ஈப்போவில் பிள்ளைகள் இல்லம் நடத்தி வந்திருக்கிறது. பூச்சோங்கில் சுவாமி சத்தியானந்தா தொடங்கிய சுத்த சமாஜம் எத்தனையோ தோட்டத்துப் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியிருக்கிறது. அவர்களை வணங்குகிறோம். ஆனால் தாயையும் பிள்ளையையும் ஒரே கூரையின்கீழ் வைத்துத் தேற்றுகிற வீடு அரிது. நமக்கு வேண்டியது அதுதான்.

அமெரிக்காவில் 1997-இல் ஒரு சட்டம் வந்தது. கடைசி 22 மாதத்தில் 15 மாதம் பிள்ளை அரசாங்கப் பராமரிப்பில் இருந்தால், சில விலக்குகள் போக, பெற்றோர் உரிமையையே நீக்கக் கேட்டு அதிகாரிகள் வழக்குப் போட வேண்டும். போதையிலிருந்து எழுந்து, மறுபடி விழுந்து, மறுபடி எழுகிற தாய்க்கு 15 மாதம் எந்த மூலைக்கு? தாயும் பிள்ளையும் சேர்ந்தே தங்கி வைத்தியம் பெறும் விடுதிகள் அங்கே இருக்கின்றன. சிலவற்றைத் தேவாலயங்கள் நடத்துகின்றன. பிள்ளை பக்கத்தில் இருந்தால் தாய் வைத்தியத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஓடுவது குறைகிறது. இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம், பெற்ற வயிறு போதும்.

‘வேதத்துல சேத்துடுவாங்க’ என்று பயந்து, கிறிஸ்தவ இல்லத்துக்கு அனுப்ப மறுக்கிற குடும்பங்கள் உண்டு. அந்தப் பயத்தை நாம் கேலி செய்யவில்லை. ஆனால் திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கில் வெள்ளி வசூலிக்கிற நம் கோயில் நிர்வாகங்கள், குடித்து விழுந்து கிடக்கிற ஒரு தாய்க்கு ஓர் அறை ஒதுக்கியதுண்டா? சோறு போடாத வீட்டுக்காரன், பக்கத்து வீட்டில் சாப்பிட்டாள் என்று கோபப்படலாமா? மாதம் பத்து வெள்ளி கட்டித் துன் சம்பந்தனோடு சேர்ந்து தோட்டங்களையே வாங்கிய சமூகம் நாம். ஈப்போவில் பத்துத் தாய்மாருக்கு ஒரு வீடு நடத்த நம்மால் ஆகாதா?

அதுவரை, இருக்கிற இல்லங்களில்தான் சேர்க்க வேண்டியிருக்கிறது. சேர்க்குமுன், 1993-ஆம் ஆண்டுப் பராமரிப்பு நிலையச் சட்டத்தின்படி பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். டாக்டர் வந்து பார்க்கிறாரா, பிள்ளை எந்தெந்த நாளில் வரலாம் என்று கேளுங்கள். மருந்தை நிறுத்தச் சொல்கிற இடமும், அடையாள அட்டையைப் பிடுங்கி வைத்துக்கொள்கிற இடமும் எந்தச் சாமியின் பெயரைச் சொன்னாலும் நமக்கு வேண்டாம்.

தேறி வரும் தாய் ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்றைக்கூடத் தூக்கிப் போடக் கூடாது. பிள்ளையைப் பார்க்க இல்லத்துக்குப் போகும் ஒவ்வொரு நாளும் அங்குள்ள புத்தகத்தில் பெயர் எழுதிவிட்டு வர வேண்டும். சம்பளச் சீட்டு, வாடகை ரசீது, தொடர்ந்து வருகிறார் என்று பாதிரியாரோ கோயில் தலைவரோ எழுதித் தரும் கடிதம், இவ்வளவையும் ஒரு பையில் போட்டு வைத்துக்கொண்டால், நீதிமன்றத்தில் வெறும் கண்ணீரோடு நிற்க வேண்டியதில்லை. வக்கீலுக்குப் பணம் இல்லாதவர்கள் அரசாங்கச் சட்ட உதவி இலாகாவின் ஈப்போ அலுவலகத்தைக் கேட்கலாம். யாரிடம் போவது என்றே தெரியாதவர்கள் 15999 என்ற தாலியான் காசே எண்ணுக்குப் போன் போடுங்கள். தாய்க்கே பேசத் தைரியம் இல்லையென்றால், பக்கத்து வீட்டு அக்கா பேசட்டும்.