கோச்சை மாத்தினா கோப்பை வந்துடுமா? சென்னை அணி சொல்லும் பாடம்

டீம் நாலு மேட்ச் தோத்தா போதும், "கோச்சைத் தூக்கு" என்று கேலரியில் குரல் கிளம்பிவிடும். தூக்கினால் டீம் தேறுமா? பெரியமேடு நேரு ஸ்டேடியத்தில் விளையாடும் சென்னையின் எப்.சி. கதையைப் பாருங்கள்.

2018-ல் கோப்பை வாங்கித் தந்தவர் ஜான் கிரிகோரி. அடுத்த சீசனில் அணி கடைசி இடம். 2019 நவம்பரில், 6 ஆட்டத்தில் ஒரே வெற்றி என்ற நிலையில் அவர் விலகினார். அடுத்து வந்த ஓவன் கோயல், அதே வீரர்களை வைத்து 2020 மார்ச்சில் பைனல் வரை போனார். கொல்கத்தாவிடம் 3-1 என தோற்றாலும் ரசிகர்கள் அசந்து போனார்கள்.

2022 பிப்ரவரியில் கோவாவிடம் 5-0 அடி. கோச் பாண்டோவிச் நீக்கம். நம்மூர் சபீர் பாஷா பொறுப்பேற்றார். ஆனால் அணிக்குக் கிடைத்தது 8-வது இடம்தான்.

வித்தியாசம் என்ன? 2019-ல் இன்னும் 12 லீக் ஆட்டம் கையில் இருந்தது. கோல் போட வால்ஸ்கிஸ் இருந்தார். அந்த சீசனில் 15 கோல். 2022-ல் சீசனே முடியும் நேரம். வெள்ளம் தலைக்கு மேல போன பிறகு யார் வந்து என்ன செய்ய?

இன்னொரு சங்கதி. 2023-ல் அதே கோயல் திரும்பி வந்தார். முதல் சீசனில் 6-வது இடம், அடுத்ததில் 11-வது இடம். கோச்சிடம் மந்திரக்கோல் கிடையாது. கோல் அடிக்க ஆளும், வேலை செய்ய டைமும் தராமல் கோச்சை மட்டும் மாத்தினால், நஷ்டம் டிக்கெட் வாங்குற ரசிகனுக்குத்தான்!