‘நாங்க பாத்துக்கறோம்’

‘உங்களுக்கு எதுக்குப்பா இந்தக் கவலையெல்லாம்? நாங்க பாத்துக்கறோம்.’

அறுபதைத் தாண்டிய எல்லோரும் இதைக் கேட்டிருப்போம். அன்போடுதான் சொல்கிறார்கள். ஆனால் ஒரு மனிதரைச் சீக்கிரம் கிழவராக்க இதைவிட நல்ல வழி கிடையாது.

டாக்டரிடம் போனால் நோயாளி நாம், கேள்வி மகனுக்கு. ‘ராத்திரி நல்லா தூங்கறாரா?’ தூங்குகிற ஆள் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார் ஐயா! வீட்டிலும் அப்படித்தான். கண் ஆபரேஷனுக்குத் தேதி குறித்த பிறகுதான் கண்ணுக்குச் சொந்தக்காரருக்குத் தகவல் வரும்.

வயதானால் பெயர்கள் சட்டென்று வாயில் வராது. கணக்குப் போட நேரம் பிடிக்கும். உண்மைதான். ஆனால் சொல்வளமும் அனுபவ அறிவும் அவ்வளவு சீக்கிரம் குறைவதில்லை. மெதுவாக முடிவெடுப்பது வேறு, தப்பாக முடிவெடுப்பது வேறு.

எல்லன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரு உளவியலாளர்கள் அமெரிக்காவில் ஒரு முதியோர் இல்லத்தில் செய்து 1976இல் வெளியிட்ட ஆய்வு பிரபலமானது. ஒரு பிரிவினரிடம், ‘உங்கள் காரியங்களை நீங்களே முடிவு செய்யுங்கள்’ என்றார்கள். பிடித்த செடியை எடுத்து வளர்க்கலாம், எந்த நாள் சினிமா பார்ப்பது என்றும் தீர்மானிக்கலாம். இன்னொரு பிரிவினருக்கும் செடி உண்டு, சினிமா உண்டு. ஆனால் தண்ணீர் ஊற்றுவது நர்ஸ், நாள் குறிப்பது ஊழியர்கள். அதாவது, ‘நாங்க பாத்துக்கறோம்!’ மூன்று வாரத்தில் முதல் பிரிவினர்தான் அதிக சுறுசுறுப்போடும் சந்தோஷத்தோடும் இருந்தார்கள்.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவைப் பாருங்கள். சிகிச்சை பற்றி ஒருவர் எடுக்கும் முடிவு மற்றவர்களுக்குத் தவறாகப் படுகிறது என்பதற்காக மட்டுமே, அவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்று சொல்லிவிட முடியாது. மனநோய் உள்ளவருக்கே சட்டம் இந்த மரியாதையைக் கொடுக்கிறது. பெற்ற அப்பாவுக்கு வீட்டில் அதுகூடக் கிடையாதா?

‘மறதி நோய் வந்துவிட்டால்?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. முதலில் பரிசோதனை செய்யுங்கள். சோடியம் குறைந்தாலும், சிறுநீரில் தொற்று வந்தாலும், தைராய்டு, பி12 கோளாறு இருந்தாலும் பெரியவர்களுக்குக் குழப்பம் வரலாம். மனச்சோர்வுகூட மறதி நோய் மாதிரியே தெரியும். இவற்றுக்கெல்லாம் வைத்தியம் உண்டு. உண்மையிலேயே மறதி நோய் என்றாலும், பேங்க் கணக்கைப் பார்க்க முடியாதவருக்கு எந்தப் புடவை கட்டுவது, யாரைப் பார்க்க விருப்பம் என்று தெரியும். முடியாததை மட்டும் நீங்கள் செய்யுங்கள். முடிந்ததை அவரிடமே விடுங்கள்.

நம் வயதுக்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். எதைக் கேட்டாலும் ‘உங்க இஷ்டம்’ என்பதைப் பெருந்தன்மை என்று நினைக்காதீர்கள். உபயோகிக்காத பூட்டு துருப்பிடிக்கும். மருந்துச் சீட்டை வாங்கிப் படியுங்கள். புரியாவிட்டால் கேளுங்கள். டாக்டர் பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பேசினால், ‘உடம்பு என்னுது சார், என்கிட்ட சொல்லுங்க’ என்று மரியாதையாகச் சொல்லுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.