நோய் தாங்கும் மிளகாய் விதை: எந்த நோயை?

மிளகாய் விதை வாங்கச் செல்லும் நம் அங்கத்தினர்கள், ‘வைரஸ் நோயைத் தாங்கும் இரகம்’ என்று உறையில் அச்சிட்டிருப்பதைக் கண்டு கூடுதல் விலை கொடுக்கின்றனர். நல்ல விதைக்கு நல்ல விலை தருவதை நாம் குறை கூறவில்லை. ஆயினும், ‘எந்த வைரஸை?’ என்று கேளாமல் பணம் கொடுப்பது விவேகமாகாது என்பதே நமது கருத்து. பயிர் பொய்த்தாலும் பயிர்க்கடன் பொய்க்காது அன்றோ!

ஒரு மரபணு எல்லா நோய்க்கும் அரணாவதில்லை. மிளகாயிலுள்ள ‘எல்’ மரபணு, புகையிலைத் தேமல் வைரஸையும் அதன் இனத்தவற்றையும் மேலுறைப் புரதத்தால் அடையாளம் காண்கிறது. தொற்றிய உயிரணுக்களை அங்கேயே மடியச் செய்து நோயை முடக்குகிறது. ஆனால் வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருள் வைரஸை அது தடுப்பதில்லை. நம் நாட்டு மிளகாய்த் தோட்டங்களை வாட்டும் பெரும் பிணிகளுள் ஒன்று இந்த இலைச்சுருளே.

கிடைத்த அரணும் நிலையானதன்று. எல்1 மரபணுவை மீறும் வைரஸ் தோன்றவே, எல்2-ஐயும் பின் எல்3-ஐயும் நாடினர். அவற்றையும் வெல்லும் வகைகள் வந்தன. பிறகு, தென்னமெரிக்காவின் சிறுகாய்க் காட்டு மிளகாய் ஒன்றிலிருந்து எல்4-ஐக் கொணர்ந்தனர். 2008-ஆம் ஆண்டிற்குள் ஜப்பானிலும் இஸ்ரேலிலும் அதனை மீறிய வகையும் கண்டறியப்பட்டது. வைரஸ் தன் மேலுறையில் சிறிது மாறினாலே செடியால் அதனை இனங்காண இயலாது போகிறது.

ஆகவே, நோய் தாங்கும் விதையை வாங்கியதோடு கடமை முடிந்ததென்று இருத்தல் கூடாது. நாற்றங்காலை நுண்வலையால் மூடுதலும், நோயுற்ற செடியைக் கண்டவுடன் பிடுங்கி அழித்தலும் தொடர வேண்டும். ஒருவர் விட்டுவைக்கும் நோய்ச்செடியிலிருந்து ஈயானது வரப்பு பார்த்தா பறக்கும்? இது ஊர் கூடிச் செய்ய வேண்டிய காரியம்.

ஒரே இரகத்தை எல்லோரும் பயிரிட்டால் விற்பனை எளிது என்பர் சிலர். அது மெய்யே, அந்த ஓர் இரகம் தோற்கும் ஆண்டில் எல்லோரும் ஒருங்கே தோற்பர் என்பதும் மெய்யே. நாளைய எதிர்ப்புத்திறன், இன்று எவரும் மதியாத பழைய விதையில் இருக்கக்கூடும். சம்பாவையும் குண்டு மிளகாயையும் காக்க ஒவ்வொரு சங்கமும் விதைக் காப்பறை ஒன்று அமைத்தல் நலம். வரும் மகாசபைக் கூட்டத்தில் அங்கத்தினர்கள் இதனைத் தீர்மானமாகக் கொணர வேண்டுகிறோம்.